மும்பைக்குக் கைக்குழந்தையோடு குடிவருகிறவர் எந்தப் புறநகரில் வீடு பார்க்கலாம்?

கேட்டிருப்பவர் கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வருகிறார். ஆபீஸ் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில், அதாவது இங்கே எல்லோரும் பிகேசி என்று சொல்கிற இடத்தில். மனைவி பள்ளி ஆசிரியை; வந்து ஆறு மாதத்தில் வேலை தேட வேண்டும் என்றிருக்கிறார். பெண்ணுக்கு 4 வயது, பையனுக்கு 10 மாதம். வாடகைக்கு 25,000 ரூபாய் வரை கொடுக்க முடியும். "பத்லாபூரிலும் உல்வேயிலும் வாடகை மிகவும் குறைவு என்கிறார்கள். அங்கே போய்விடலாமா?" என்பது கேள்வி.

தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நிலைமைக்கு நவி மும்பையில் இருக்கிற நேருல் அல்லது ஜூய்நகரில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், பழைய கட்டடமாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஒரு ஒன் பிஎச்கே பாருங்கள். அது அமையாவிட்டால் டோம்பிவிலி கிழக்கு. பத்லாபூர் வேண்டாம். உல்வே இப்போதைக்கு வேண்டாம். இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதைச் சொல்ல, நான் செய்த தவறிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்தது 2003ல். வேலை விக்ரோலியில். சம்பளத்தைப் பார்த்தேன், வாடகையைப் பார்த்தேன், பத்லாபூரில் வீடு எடுத்தேன். காற்று நன்றாக இருந்தது, மலை தெரிந்தது, வாடகை கையைக் கடிக்கவில்லை. ஆனால் காலை ஆறே முக்காலுக்கு வீட்டை விட்டால் திரும்ப இரவு ஒன்பது ஆகும். மகளுக்கு அப்போது 2 வயது. வாரத்தில் ஐந்து நாள் அவள் தூங்குகிற முகத்தைத்தான் பார்த்தேன். அதையாவது தாங்கிக்கொண்டேன். 2005 ஜூலை 26 வந்தது. அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மத்தியானத்துக்குப் பிறகு ரயில் இல்லை, போன் இல்லை. இரவு ஆபீஸிலேயே கிடந்தேன். மறுநாள் விக்ரோலியிலிருந்து தானே நகரம் வரை நடந்தேன். பத்லாபூருக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றாம் நாள் சாயங்காலம். உல்ஹாஸ் ஆறு ஊருக்குள் வந்து, எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். என் மனைவியையும் குழந்தையையும் மூன்றாவது மாடியில் இருந்த ஒரு மராத்தி ஆஜி, அதாவது பாட்டி, தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வைத்திருந்தார். பால் பவுடர் அவர் கொடுத்ததுதான். அந்த இரண்டு இரவும் அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே எனக்குத் தெரியாது. அடுத்த வருடமே டோம்பிவிலிக்கு மாறினோம், 2014ல் நேருலுக்கு.

அப்படி ஒரு மழை அபூர்வம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சின்ன அளவில் அது வருடா வருடம் நடக்கிறது. 2019 ஜூலையிலும் அதே உல்ஹாஸ் பெருகி, பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் நடுவில் மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் தண்ணீரில் மாட்டிக்கொண்டது. ஆயிரம் பேருக்கு மேல் மீட்டார்கள். மழை இல்லாத நாளிலும் சிக்னல் கோளாறு, மின்கம்பி அறுந்தது என்று ஏதாவது ஒன்று. அதனால் வீடு பார்க்கும்போது என் முதல் கேள்வி இதுதான்: டே கேரிலிருந்து "குழந்தைக்குக் காய்ச்சல், உடனே வாருங்கள்" என்று போன் வந்தால், உங்கள் இருவரில் ஒருவர் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர முடியும்? ஒரு மணி நேரத்துக்குள் முடியும் என்றால் அந்த இடத்தைப் பாருங்கள். இரண்டு மணி நேரம் என்றால், எவ்வளவு குறைந்த வாடகையாக இருந்தாலும் அது உங்களுக்கு விலை அதிகமான வீடு.

இந்தப் பேரத்தைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். தொலைவில் இருக்கிற வீட்டில் மாதம் 10,000 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகவரத் தினமும் 2 மணி நேரம் கூடுதல். மாதம் 22 வேலை நாளுக்கு 44 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 230 ரூபாய் கூட வரவில்லை. அதிலும் ஸ்டேஷனுக்கு ஆட்டோ, டே கேரில் கூடுதல் நேரத்துக்கான பணம், களைத்துப் போய் வருகிற நாளில் வெளியில் வாங்குகிற சாப்பாடு எல்லாம் போகும். உங்கள் மனைவியும் வேலைக்குப் போக ஆரம்பித்தால் இந்த 44 மணி நேரம் இரட்டிப்பாகும், அல்லது அவர் வேலைக்கே போக முடியாமல் வீட்டில் இருந்துவிட நேரும். இரண்டாவது நடந்த வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மிச்சம் பிடித்த பத்தாயிரத்துக்காக ஒரு சம்பளத்தையே இழந்த கதை அது.

மும்பையில் யாராவது புதிதாக அறிமுகமானால் "எந்த ஏரியா?" என்பதற்கு முன்னால் "எந்த லைன்?" என்று கேட்பார்கள். லோக்கல் ரயில் தடத்தைத்தான் கேட்கிறார்கள்: சென்ட்ரலா, வெஸ்டர்னா, ஹார்பரா. மேப்பில் இரண்டு இடம் பக்கத்தில் இருப்பது இங்கே ஒரு பொருட்டே இல்லை. ஒரே வண்டியில் போக முடியுமா என்பதுதான் தூரம். உதாரணத்துக்கு ஐரோலி. பிகேசியிலிருந்து மேப்பில் பார்த்தால் நேருலை விட ஐரோலி தள்ளி இல்லை. ஆனால் ஐரோலி இருப்பது தானே-வாஷி டிரான்ஸ்ஹார்பர் தடத்தில். தானேவுக்கோ வாஷிக்கோ போய் வண்டி மாறித்தான் குர்லா வர வேண்டும். காலையில் தானேயில் வண்டி மாறுவதை ஒரு தடவை செய்து பார்த்தால் நான் சொல்வது புரியும். நாளைக்கே உங்கள் ஆபீஸ் ஐரோலியிலோ கன்சோலியிலோ இருக்கிற ஐடி பார்க்குக்கு மாறினால், அப்போது ஐரோலியைப் போல நல்ல இடம் இல்லை.

பிகேசிக்குப் போக உங்களுக்கு முக்கியமான ஸ்டேஷன் குர்லா. சென்ட்ரல், ஹார்பர் இரண்டும் அங்கே நிற்கும். மேற்குப் பக்கம் இறங்கி ஷேர் ஆட்டோவோ பஸ்ஸோ பிடித்தால் பிகேசி. வெஸ்டர்ன் லைனில் இருப்பவர்கள் பாந்த்ராவில் இறங்குவார்கள். இப்போது மெட்ரோவும் சேர்ந்துகொண்டது. ஆரேயிலிருந்து கஃப் பரேட் வரை 33.5 கிலோமீட்டர், 27 ஸ்டேஷன் உள்ள மூன்றாவது லைன் 2025 அக்டோபரில் முழுதாகத் திறந்தது. பிகேசியில் அதற்கு ஸ்டேஷன் இருக்கிறது. குர்லா ரோட்டில் ஆட்டோவுக்கு அடித்துக்கொள்ள முடியாத மழை நாளில் சென்ட்ரல் லைனில் காட்கோபரில் இறங்கி, முதலாம் லைன் மெட்ரோவில் மரோல் நாகா போய், அங்கே மூன்றாவது லைனுக்கு மாறி பிகேசி வரலாம். செலவு கூடும், தினமும் செய்ய வேண்டாம். மாற்று வழி ஒன்று இருக்கிறது என்று தெரிந்திருப்பதே பெரிய நிம்மதி.

இப்போது நேருல், ஜூய்நகருக்கு வருகிறேன். இவை ஹார்பர் லைனில் இருக்கின்றன. ஹார்பரில் ஃபாஸ்ட் வண்டியே கிடையாது, எல்லாம் ஸ்லோ. ஆனாலும் நேருலிலிருந்து குர்லாவுக்கு சுமார் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். டிரான்ஸ்ஹார்பர் வண்டிகளும் இங்கே வருவதால் தானே பக்கமும் நேராகப் போகலாம். உங்கள் மனைவிக்கு வேலை எங்கே கிடைக்கும் என்று தெரியாத நிலையில், இரண்டு திசையிலும் வண்டி உள்ள ஸ்டேஷன் என்பது மிகவும் உபயோகம். அதோடு நேருலைச் சுற்றியே ஏகப்பட்ட பள்ளிக்கூடங்கள். 1932ல் மாதுங்காவில் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்துக்கு நேருலில் ஒரு பெரிய வளாகமே இருக்கிறது. ஆசிரியை வேலை நடந்து போகிற தூரத்தில் கிடைத்துவிட்டால், நான் மேலே கேட்ட காய்ச்சல் கேள்விக்குப் பதில் பத்து நிமிடம் என்று ஆகிவிடும்.

தண்ணீர் இன்னொரு காரணம். நவி மும்பை மாநகராட்சிக்கு மோர்பே என்று சொந்த அணை இருக்கிறது. வாஷி, நேருல், பேலாப்பூர், கோபர்கைரானே, ஐரோலி எல்லாம் அந்த மாநகராட்சி எல்லைக்குள். கார்கர், காமோட்டே, கலம்போலி, பன்வேல் ஆகியவை வேறு. அவை 2016ல் உருவான பன்வேல் மாநகராட்சி. வெளியூர்க்காரர் கண்ணுக்கு இரண்டும் ஒரே நவி மும்பையாகத் தெரியும், ஆனால் கோடைக்காலத்தில் குழாயைத் திறந்தால் வித்தியாசம் தெரியும். கார்கரில் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கு எதிராக மக்கள் ஊர்வலம் போனதெல்லாம் உண்டு. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் தண்ணீர் இல்லாமல் ஒரு நாள் கூட ஓட்ட முடியாது என்பதை உங்கள் வீட்டில் கேட்டாலே சொல்வார்கள்.

25,000க்குள் நேருலில் என்ன கிடைக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். புதுக் கட்டடம், லிஃப்ட், கார் பார்க்கிங் எதுவும் கிடைக்காது. நவி மும்பையை உருவாக்கிய அரசு நிறுவனமான சிட்கோ கட்டிய பழைய நாலு மாடிக் கட்டடம், இல்லாவிட்டால் அதே வயதுள்ள ஒரு சொசைட்டி, அதாவது குடியிருப்பவர்கள் சங்கம் வைத்து நடத்துகிற கட்டடம். ஹால், ஒரு பெட்ரூம், ஆள் திரும்ப இடம் இருக்கிற அளவு சமையலறை. கோயம்புத்தூரில் நீங்கள் இருந்த வீட்டில் பாதிகூட இருக்காது. முதல் மாதம் மனசு சுருங்கிப்போகும். பெரிய சாமான்களை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். எட்டடி மர பீரோவை இந்த மாடிப்படியில் திருப்ப முடியாது. லிஃப்ட் இல்லாததால் முதல் மாடிக்கு மேலே போகாதீர்கள். கையில் பையனும் தோளில் பையும் பெண்ணின் ஸ்கூல் பையுமாக உங்கள் மனைவி ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறுவார் என்று எண்ணிப் பாருங்கள். தரைத்தளமும் நான் எடுக்க மாட்டேன். மழைக்காலத்தில் சுவர் ஓதம், கொசு. கடைசி மாடி என்றால் கூரை ஒழுகும், ஜூலையில் போய்ப் பார்த்தால் தெரியும்.

சென்ட்ரல் லைனில் இருக்கிற டோம்பிவிலியைப் பற்றி எனக்குத் தனிப் பிரியம் உண்டு. எட்டு வருடம் அங்கே இருந்தோம். நடுத்தரக் குடும்பத்துக்கான ஊர் என்றால் அதுதான். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வண்டி பிடித்து ஓடுகிற ஊர் என்பதால், அதற்குத் தக்கபடி தெருவே தன்னை அமைத்துக்கொண்டிருக்கிறது. பாளணாகர் என்று மராத்தியில் சொல்வார்கள், வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம். அது இல்லாத சந்து இல்லை. சப்பாத்தியும் பொரியலும் சுடச்சுடக் கிடைக்கிற போளி-பாஜி கேந்திரா ஸ்டேஷன் இறங்கியதும் வரிசையாக இருக்கும். தமிழ்க் குடும்பங்களும் நிறைய. நேருலை விட வாடகை கணிசமாகக் குறைவு. உங்கள் பணத்துக்கு நல்ல கட்டடத்தில் லிஃப்டோடு கிடைக்கும். ஊருக்குப் போகவும் வசதி: சென்னை, கோவை, நாகர்கோவில் வண்டிகள் கல்யாணில் நிற்கும், டோம்பிவிலியிலிருந்து கல்யாண் இரண்டே ஸ்டேஷன்.

ஆனால் கூட்டம். அதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். 2025 ஜூன் 9ஆம் தேதி காலை, மும்ப்ரா பக்கம் வளைவில் எதிரெதிரே போன இரண்டு வண்டிகளின் படிக்கட்டில் தொங்கியவர்கள் கீழே விழுந்து செத்தார்கள். அது உங்கள் தினசரி வழியாக இருக்கும். டோம்பிவிலியிலேயே புறப்படுகிற லோக்கல்கள் உண்டு, அதில் போனால் உட்காரவோ உள்ளே நிற்கவோ முடியும். வீடு எடுப்பதற்கு முன் அந்த வண்டிகளின் நேரம் உங்கள் ஆபீஸ் நேரத்தோடு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஒத்துவராவிட்டால் ஃபர்ஸ்ட் கிளாஸ் பாஸோ ஏசி லோக்கல் பாஸோ எடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பணத்தை வாடகையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். என்ன ஆனாலும் படிக்கட்டில் தொங்காதீர்கள். வண்டியை விடுங்கள், அடுத்தது நாலு நிமிடத்தில் வரும்.

டோம்பிவிலியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். எம்ஐடிசி தொழிற்பேட்டையை ஒட்டிய குடியிருப்புகளில் வாடகை குறைத்துச் சொல்வார்கள். அங்கே ரசாயன ஆலைகளில் 2016 மே மாதமும் 2024 மே மாதமும் பெரிய வெடிவிபத்துகள் நடந்தன. சுற்றுவட்டாரத்தில் கண்ணாடி ஜன்னல்கள் நொறுங்கின. வெடிக்காத நாளிலும் ராத்திரி நேரத்தில் வாடை வரும். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு அந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம். ஸ்டேஷனுக்குக் கிழக்கே நடக்கிற தூரத்துக்குள் நில்லுங்கள். கல்யாண்-ஷீல் ரோட்டில் பெரிய பெரிய டவுன்ஷிப்கள் இருக்கின்றன, நீச்சல் குளம், தோட்டம் எல்லாம் காட்டுவார்கள். அங்கிருந்து ஸ்டேஷன் வருவதற்குள் பாதி நாள் போய்விடும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு நல்ல இடம் என்று ஒத்துக்கொள்கிறேன்.

காற்று விஷயத்தை எல்லாப் புறநகருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். செம்பூரில் மாஹுல் பக்கம் சுத்திகரிப்பு ஆலைகள். கோவண்டியில் தேவ்னார் குப்பைமேடு. காஞ்சூர்மார்க் குப்பைக்கிடங்கின் நாற்றம் காற்று அடிக்கிற திசையைப் பொறுத்து விக்ரோலி, பாண்டுப் வரைக்கும் வரும். தலோஜாவில் எம்ஐடிசி. வீட்டு புரோக்கர் உங்களை நாற்றம் இல்லாத மத்தியான நேரத்தில்தான் கூட்டிப்போவார். இரவு ஒன்பது மணிக்கு மேல் தனியாக ஒரு தடவை போய் அந்தத் தெருவில் பத்து நிமிடம் நில்லுங்கள்.

உல்வே பற்றிக் கேட்டிருந்தீர்கள். புதிய கட்டடங்கள், அகலமான ரோடு, நேருல் வாடகையில் பாதிக்கு நல்ல வீடு. எல்லாம் உண்மை. 2024 ஜனவரியில் மும்பையோடு இணைக்கிற அடல் சேது கடல் பாலம் திறந்தது, உரண் ரயில் பாதையும் முழுதாக ஓட ஆரம்பித்தது. 2025 டிசம்பரில் பக்கத்திலேயே விமான நிலையமும் இயங்கத் தொடங்கிவிட்டது. நாளைக்கு அது பெரிய ஊராகும். இன்றைக்கு, பாமண்டோங்கிரி, கார்கோபர் ஸ்டேஷன்களில் வண்டிக்கு வண்டி இடைவெளி அதிகம். ஒன்றை விட்டால் குழந்தையோடு பிளாட்பாரத்தில் காத்திருக்க வேண்டும். நேருலிலோ பேலாப்பூரிலோ மாறவும் வேண்டும். அடல் சேதுவில் காருக்கு ஒரு தடவைக்கு 250 ரூபாய் டோல். தினமும் கட்டினால் வாடகையில் மிச்சம் பிடித்தது அதிலேயே போகும். உங்கள் பையன் ஓடி ஆடுகிற வயதுக்கு வந்ததும் மறுபடியும் போய்ப் பாருங்கள்.

கார்கரை முழுதாக ஒதுக்கவில்லை. ஸ்டேஷன் ஊரின் ஓரத்தில் இருக்கிறது, செக்டர் எண் ஏற ஏறத் தள்ளிப் போகும். 2023 நவம்பரில் வந்த பேலாப்பூர்-பெந்தர் மெட்ரோ அந்தத் தொலைவைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது. முலுண்ட் அருமையான இடம், மும்பை மாநகராட்சித் தண்ணீர், தமிழர்களும் உண்டு. உங்கள் பட்ஜெட்டில் அங்கே ஒன் ஆர்கே, அதாவது ஒரே அறையும் சமையலறையும்தான் வரும். தானே கோட்பந்தர் ரோட்டில் ஸ்டேஷன் தூரம், பல கட்டடங்களில் டேங்கர் தண்ணீர். வெஸ்டர்ன் லைனில் வசாய், நாலாசோபாரா, விரார் பக்கம் 2018 ஜூலையில் தண்டவாளம் மூழ்கி வண்டி நின்றது. விரார் ஃபாஸ்ட்டின் கூட்டம் டோம்பிவிலியையே தூக்கிச் சாப்பிடும். வேலை அந்தேரியிலோ மாலாடிலோ இருந்தால் மீரா ரோட்டைச் சொல்லியிருப்பேன்.

பள்ளிக்கூடம். இதில் தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். நம் ஊரில் எல்கேஜி, யுகேஜி, ஐந்து முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. இங்கே நர்சரி, ஜூனியர் கேஜி, சீனியர் கேஜி. நர்சரிக்கு டிசம்பர் 31க்குள் 3 வயது, ஒன்றாம் வகுப்புக்கு 6 வயது முடிந்திருக்க வேண்டும். உங்கள் பெண் கோவையில் எல்கேஜி முடித்திருந்தாலும் இங்கே வயதுக் கணக்குப்படி ஒரு வருடம் பின்னால் போட வாய்ப்பு உண்டு. அதற்காக வருத்தப்பட்டு பிறந்த தேதியோடு போராட வேண்டாம், குழந்தைக்கு அது நல்லதே செய்யும். மாநில போர்டு பள்ளிகள் ஜூன் நடுவில் திறக்கும், சிபிஎஸ்இ ஏப்ரலில். நல்ல பள்ளிகளில் நர்சரி, கேஜி சேர்க்கை முந்தின வருடக் கடைசியிலேயே முடிந்துவிடும். அதனால் வீட்டை உறுதி செய்யும் முன் பக்கத்துப் பள்ளிகளுக்கு போன் செய்து இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இடம் இல்லாவிட்டால் ஒரு வருடம் தெருமுனை பிளேஸ்கூல் போதும். 4 வயதுக் குழந்தையைப் பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பெயர்பெற்ற பள்ளிக்கு அனுப்புவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

2020ல் வந்த சட்டப்படி எந்த போர்டாக இருந்தாலும் மராத்தி கட்டாயம். பயப்பட ஒன்றுமில்லை, குழந்தை உங்களுக்கு முன்னால் பேச ஆரம்பித்துவிடும். நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள், தம்பி. வேலைக்காரர், வாட்ச்மேன், டே கேர் அம்மா, சொசைட்டி செகரட்டரி என்று எல்லோரிடமும் அது உதவும். எனக்கு மராத்தி கற்றுக்கொடுத்தது அந்தப் பத்லாபூர் ஆஜிதான். தமிழைப் பொறுத்தவரை மும்பை மாநகராட்சி இன்னும் தமிழ் வழிப் பள்ளிகள் நடத்துகிறது, ஆனால் நவி மும்பையில் அதை எதிர்பார்க்காதீர்கள். எழுத்தை நீங்கள்தான் வீட்டில் கற்றுக்கொடுக்க வேண்டும். செம்பூரில் இருக்கிற செட்டா நகர் முருகன் கோவில் நேருலிலிருந்து ஹார்பரிலேயே போகிற தூரம். கறிவேப்பிலை, மாவு, நல்லெண்ணெய்க்காக மாதுங்கா ஓட வேண்டிய காலம் போய்விட்டது.

ஒப்பந்த விஷயத்துக்கு வருவோம். இங்கே வாடகை ஒப்பந்தத்தை லீவ் அண்ட் லைசென்ஸ் என்பார்கள், பெரும்பாலும் 11 மாதம். நம் ஊர் மாதிரி ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரியோடு முடித்துக்கொள்ள முடியாது. 1999ஆம் வருட மகாராஷ்டிர வாடகைச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி அது எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்திருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு வீட்டுக்காரருடையது. பதிவு செய்யாமல் விட்டுப் பிரச்சினை வந்தால், குடியிருப்பவர் சொல்கிற நிபந்தனைகளையே சரி என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இப்போது ஆதார் கைரேகை வைத்து வீட்டிலிருந்தே பதிவு செய்துவிடலாம். கேஸ், பள்ளி, ஆதார் முகவரி மாற்றம் எல்லாவற்றுக்கும் அந்தக் காகிதம் தேவைப்படும், அதனால் "நோட்டரி போதும்" என்று சொல்கிற வீட்டை விட்டுவிடுங்கள். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, டெபாசிட் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை கேட்பார்கள். வாடகையே வேண்டாம், ஐந்தாறு லட்சம் மொத்தமாகக் கொடுங்கள், போகும்போது திருப்பித் தருகிறேன் என்று ஹெவி டெபாசிட் பேச்சு வரும். வேண்டாம். வீட்டுக்காரருக்குக் கடன் இருந்து வீடு வங்கிக்குப் போனால், உங்கள் சேமிப்பும் அதோடு போகும்.

மாத மெயின்டனன்ஸ் யார் கட்டுவது, வாடகைக்கு விட்டதற்காக சொசைட்டி வசூலிக்கிற கட்டணம் யார் தலையில் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். சில சொசைட்டிகளில் அசைவம் சமைப்பீர்களா என்று கேட்பார்கள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் பொய் சொல்லி உள்ளே போனால் தினமும் ஜன்னலை மூடிக்கொண்டு மீன் வறுக்க வேண்டியிருக்கும். சாப்பிடுவோம் என்று சொல்லிவிட்டு, ஒத்துக்கொள்கிற இடத்தைப் பாருங்கள்.

முதல் இரண்டு வருடம் வீடு வாங்குகிற பேச்சே வேண்டாம். கல்யாண்-டோம்பிவிலி எல்லையில் 65 கட்டடங்கள் போலி அனுமதிக் கடிதத்தைக் காட்டி, வீட்டுத் திட்டங்களைக் கண்காணிக்கிற மாநில அமைப்பான மகாரேராவில் பதிவு வாங்கியிருந்தது தெரிந்து, 2024ல் உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. ரேரா எண் இருக்கிறது என்று நம்பி வாங்கிய குடும்பங்கள்தான் அதில் இருந்தன. ஊரும் லைனும் பழகி, எந்தக் கட்டடத்துக்கு ஓசி, அதாவது குடியேறலாம் என்கிற சான்றிதழ், இருக்கிறது என்று விசாரிக்கத் தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் முன்னால் தனியாக வாருங்கள். ஒரு மாதம் குர்லாவிலோ செம்பூரிலோ பேயிங் கெஸ்ட்டாக இருந்துகொண்டு தேடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போகாதீர்கள். அன்று மெகா பிளாக், அதாவது தண்டவாளப் பராமரிப்புக்காக வண்டிகளைக் குறைக்கிற நேரம்; வண்டி ஓட்டமும் வேறு, கூட்டமும் வேறு. ஒரு செவ்வாயோ புதனோ அரை நாள் லீவு போட்டு, காலை எட்டேகாலுக்கு அந்த வீட்டு வாசலில் நின்று கடிகாரத்தைப் பாருங்கள். ஸ்டேஷனுக்கு நடந்து, வண்டி ஏறி, குர்லாவில் இறங்கி, ஆட்டோ வரிசையில் நின்று, உங்கள் ஆபீஸ் நாற்காலியில் உட்காருகிற வரைக்கும் எவ்வளவு ஆனது என்று எழுதிக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆறரைக்கு மறுபடியும் அதே வழி திரும்பிப் போய்ப் பாருங்கள். இரண்டு வீட்டுக்கு இதைச் செய்துவிட்டு வந்து எனக்கு எழுதுங்கள், அதற்குப் பிறகு வாடகையைப் பற்றிப் பேசலாம்.